ஊர்ப் பெயரைச் சொல்லச் சொன்னது நான்

சென்ற மாதம் மியூனிக்குக்குப் பக்கத்துக் கார்ஹிங்கில் தமிழ் மாணவர்களான உங்களோடு பேச வந்தபோது, ஒரு கேள்விக்கு நான் அரைப் பதில்தான் சொன்னேன். மற்றக் கேள்விகள் எல்லாம் சுகமானவை. எந்தக் கமரா, எத்தனை கிலோ, குண்டு விழும்போது கை நடுங்காதா என்று கேட்டீர்கள். கை நடுங்கும், கால்தான் முதலில் நடுங்கும் என்றேன். சிரித்தீர்கள். கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. "சார், உக்ரைன்ல நீங்க எடுத்த அந்த ஸ்கூல் வீடியோவாலதான் அங்க அடிச்சாங்கன்னு ஆன்லைன்ல சிலர் எழுதியிருக்காங்க. அது உண்மையா சார்?" என்று கேட்டார்.

நான் வேலை செய்த தொலைக்காட்சி நிறுவனம் அதை விசாரித்தது, தொடர்பு எதுவும் நிறுவப்படவில்லை என்று கடிதம் தந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு நான் அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். முப்பது வருடம் செய்திக் கமரா தூக்கியவன் நான். வேறு யாராவது என் முன்னால் இப்படி நழுவியிருந்தால் முகத்தைக் கிட்ட இழுத்துப் படம் பிடித்திருப்பேன். நான் இருக்கும் கெல்சென்கிர்ச்சனுக்குத் திரும்பும் ரயிலில் முழு நேரமும் அந்தப் பெண்ணின் முகம்தான் எதிரில் இருந்தது. அதனால் மிச்சப் பாதியை இப்போது எழுதுகிறேன். இந்தத் தொழிலுக்கு வரப்போகிறவர்கள் நீங்கள், உங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். அந்தப் பள்ளிக்கூடம் இருந்த ஊரின் பெயரை இதில் தேடாதீர்கள். எழுத மாட்டேன்.

எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. போர் நடக்கும் இடத்தில் யாரைப் படம் எடுத்தாலும், நிருபர் தன் பேட்டியை முடித்துக்கொண்ட பிறகு, அங்கிருப்பவர்களை ஒருவர் ஒருவராகக் கமராவுக்கு முன் நிறுத்துவேன். பெயரையும் இருக்கும் இடத்தையும் சொல்லச் சொல்வேன். ஒருவருக்கு ஐந்து செக்கன் போதும். கூட வரும் ஜேர்மன்காரர்கள், "பதிவு அலுவலகம் திறந்தாச்சு" என்று பகிடி பண்ணுவார்கள். வீடு மாறினால் உடனே ஓடிப்போய் விலாசம் பதிய வேண்டிய நாடு இது, பகிடியும் அதற்கு ஏற்ற மாதிரித்தான் வரும். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் அந்தப் பழக்கத்தை யாருக்காகவும் விட்டதில்லை. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

அது எங்கிருந்து வந்தது என்றால், நான் இந்த நாட்டுக்கு வந்து அகதி முகாமில் இருந்த முதல் வருடத்திலிருந்து. முகாமில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு ரிவி இருந்தது. ஒரு நாள் செய்தியில் எங்கள் நாட்டுப் போரைச் சொல்லி, எங்கள் பக்கத்துச் சனத்தைக் காட்டினார்கள். ஏதோ ஒரு மண்டபத்தில் இடம்பெயர்ந்த பெண்கள் இருந்தார்கள். அதில் ஒருத்தி கமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு குழந்தைக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தாள். மூன்று செக்கன்தான். அது என் அம்மா என்று எனக்குப் பட்டது. எனக்குத் தெரிந்த நாற்பது ஜேர்மன் சொற்களை வைத்துக்கொண்டு அந்தத் தொலைக்காட்சிக்குப் போன் எடுத்தேன். எந்த ஊர், எந்த மண்டபம் என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. ஒன்பது மாதம் அந்த முதுகை நம்பிக்கொண்டு இருந்தேன். பிறகு ஊரிலிருந்து கடிதம் வந்தது. அம்மா உயிரோடு இருந்தா, ஆனால் அந்தப் பக்கமே போகவில்லையாம். அந்த மூன்று செக்கனை எடுத்தவன் மேல் எனக்கு வந்த கோபம் மட்டும் போகவே இல்லை. ஒரு பெயரைக் கேட்டால் என்ன, ஊரைக் கேட்டால் என்ன? நான் கமராவைத் தூக்கியதே அந்தக் கோபத்தில்தான்.

இனி அந்தப் பள்ளிக்கூடம். போர் தொடங்கிய முதல் வசந்தம். நாங்கள் மூன்று பேர் போனோம். ஒரு நிருபர், நான், எங்கள் சாரதி. சாரதி அந்த நாட்டுக்காரர், எங்களுக்கு மொழிபெயர்த்தவரும் அவர்தான். பள்ளிக்கூடத்துக்கு அடியில் இருந்த அறையில் பத்துப் பதினைந்து குடும்பங்கள் இருந்தன. பிள்ளைகளின் உடற்பயிற்சி மெத்தைகளில் கிழவர்கள் படுத்திருந்தார்கள். ஈரச் சுவரில் சப்பாத்துகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். பேட்டி முடிந்தது. நான் என் பதிவு அலுவலகத்தைத் திறந்தேன்.

கடைசியாக வந்தவர் ஒரு வயதானவர். ரயில்வேயில் மின்சார வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று பேட்டியில் சொல்லியிருந்தார். கமராவுக்கு முன் நின்றதும் தொப்பியைக் கழற்றினார். சேட்டின் மேல் பொத்தானைக் கழுத்துவரை பூட்டினார். பெயரைச் சொன்னார். ஊரைச் சொன்னார். அங்கே பள்ளிக்கூடங்களுக்கு இலக்கம் உண்டு, அதையும் சொன்னார். பிறகு இன்னும் ஏதோ சொல்லிச் சிரித்தார். நானும் தலையாட்டிச் சிரித்தேன். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அவசரமாகப் புறப்பட வேண்டி வரும் என்று சாரதி மேலே காரைத் திருப்பி நிறுத்தப் போயிருந்தார். விளங்காத பேச்சைப் பதிவு செய்தால் அன்றைக்கே என்ன என்று கேட்டு எழுதி வையுங்கள். நான் கேட்கவில்லை. போகும்போது வெளியே நின்று பள்ளிக்கூடத்தின் முகப்பையும் அகலமாக எடுத்தேன். சுவர் முழுக்க வர்ண ஓடுகளால் பதித்த ஒரு பெரிய சூரியகாந்தி. ஊரை விட்டுப் போனவர்கள் ரிவியில் பார்த்தால் ஒரே பார்வையில் பிடித்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன்.

நாங்கள் அனுப்பும் படங்களை மியூனிக்கில் இருந்து வெட்டித் தொகுத்தவள் நித்யா. மதுரைப் பிள்ளை, வேலைக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. செய்திக்கு இருபது நிமிடம் இருக்கும்போது போன் எடுத்தாள்.

"அண்ணா, முகங்கள் எல்லாம் ரொம்ப நல்லா வந்திருக்கு. ஒரே ஒரு டவுட். ஊர் பேரு, ஸ்கூல் நம்பர் எல்லாம் சொல்றாங்க. வெளிய அந்தச் சூரியகாந்தி வேற தெரியுது. பேரையும் முகத்தையும் மட்டும் வச்சிட்டு மத்ததக் கட் பண்ணிடட்டுமா?"

"ஏன் பிள்ளை?"

"இத்தன பேர் இங்கதான் இருக்காங்கன்னு நாமளே காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடுமோன்னு பயமா இருக்குண்ணா."

நான் ஒரு பெற்றோல் நிலையத்தின் பின்பக்கம் நின்றேன். பசி, குளிர், பின்னால் நிருபர் கத்திக்கொண்டிருந்தார். இதெல்லாம் சாட்டு. சாட்டு இல்லாமல் சொன்னால், எனக்குக் கோபம் வந்தது. என் பழக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளை கை வைக்கிறாள் என்ற கோபம்.

"அந்தச் சனத்தின்ர பிள்ளையள் போலந்திலயும் இஞ்சயும் இருந்து ரிவியப் பாத்துக்கொண்டு இருக்குதுகள். அவைக்கு இடம் தெரிய வேணும். உனக்கு உது விளங்காது. இருக்கட்டும், விடு."

"சரிங்கண்ணா" என்றாள். மொழிபெயர்ப்பு இல்லாத பேச்சை ஒளிபரப்ப முடியாது என்பதால், அந்த வயதானவர் கடைசியாகச் சொன்னதை மட்டும் வெட்டினாள். மற்றது அப்படியே போனது.

இரண்டு நாள் கழித்து அந்தப் பள்ளிக்கூடத்தில் குண்டு விழுந்தது. நாங்கள் அப்போது வேறொரு நகரத்தில் இருந்தோம். மற்றொரு தொலைக்காட்சிக்காரன் எடுத்த படத்தில் பார்த்தேன். சூரியகாந்தியில் பாதி இருந்தது. அடியிலிருந்து உயிரோடு வெளியே வந்தவர்கள் சிலர்தான். அவர்களில் அந்த வயதானவர் இல்லை. நித்யா போன் எடுத்து அழுதாள். "நான் இன்னும் ஸ்ட்ராங்கா சொல்லியிருக்கணும்ணா" என்றாள். "நீ சொன்னனீ பிள்ளை. நான்தான் கேக்கேல்லை" என்றேன். அவள் அந்த வருடமே வேலையை விட்டுவிட்டுப் படிக்கப் போனாள்.

நிறுவனம் விசாரித்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இராணுவ லொறிகள் நின்றதாகச் சிலர் சொன்னார்கள். அந்த வாரம் அந்தத் தெரு முழுவதிலும் குண்டு விழுந்தது என்றார்கள். ஒளிபரப்புக்கும் தாக்குதலுக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை என்று கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தை மடித்துக் கடவுச்சீட்டுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். அடுத்த வருடம் வேலையை விட்டேன். எல்லோரிடமும் முழங்கால் வலி என்று சொன்னேன். முழங்காலிலும் வலி இருந்தது, அது பொய் இல்லை.

போன இலையுதிர் காலத்தில் நிறுவனம் எனக்கு ஒரு கடிதத்தை அனுப்பி வைத்தது. டோர்ட்முண்டில் இருந்து ஒரு பெண் எழுதியிருந்தார். பெயர் ஒக்ஸானா. அந்த வயதானவரின் மகள். வகுப்பில் படித்துப் பழகிய ஜேர்மனில், ஒவ்வொரு வசனமாக நிதானமாக எழுதியிருந்தார். உங்கள் செய்தியில் என் அப்பா வருகிறார். பெயரையும் ஊரையும் பள்ளிக்கூடத்தையும் சொல்கிறார். பிறகு அவர் வாய் மறுபடி திறக்கிறது. அங்கே வெட்டுகிறீர்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரிய வேண்டும். முழுப் பதிவும் உங்களிடம் இருக்கிறதா?

இருந்தது. எங்கள் படுக்கையறை அலுமாரியில், பயணப்பெட்டிக்குப் பின்னால், ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் இருந்தது. அன்றைக்குப் பிறகு நான் அதைத் திறக்கவில்லை. மகள் வந்து அதைப் பார்த்தால் அடுத்துக் கேட்கப் போவது என்ன என்று எனக்குத் தெரியும். ஊர்ப் பெயரைச் சொல்லச் சொன்னது யார் என்று கேட்பார். மரியாதையாக நாலு வரி எழுதினேன். துயரத்தில் பங்குகொள்கிறேன் என்றும், பழைய பதிவுகள் அழிக்கப்பட்டுவிட்டன என்றும். கண்டதைக் கண்டபடி காட்டுவதற்குச் சம்பளம் வாங்கியவன் எழுதிய கடிதம் அது.

என் மனைவி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறா. அவவுக்கு என் முகத்தைப் பார்த்தால் போதும். ஒரு கிழமை பொறுத்துப் பார்த்துவிட்டு, சோறு போடும்போது கேட்டா.

"இஞ்சேருங்கோ, அந்த டோர்ட்முண்ட் பிள்ளைக்கு என்ன எழுதினனீங்கள்?"

"அழிஞ்சு போச்சு எண்டு எழுதினன்."

"அலுமாரிக்குள்ள கிடக்கிறது என்ன அப்ப?"

அவ கரண்டியை வைத்துவிட்டா.

"மூண்டு செக்கனுக்காக ஒம்பது மாசம் அலைஞ்ச ஆள் நீங்கள். எங்கட கலியாணத்துக்குப் பிறகும் எத்தினை தரம் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி அந்தக் கமராக்காரனைத் திட்டியிருப்பியள். இப்ப ஒரு பிள்ளை வந்து உங்களிட்ட அதையே கேக்குது."

"அவ என்னைக் கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

"உள்ளதைச் சொல்லுங்கோ. ஏலாட்டி பேசாமல் இருங்கோ. படத்தைக் குடுங்கோ. டொக்டரிட்டப் போற மாதிரி ஒரு ரெர்மின் வையுங்கோ. நாள் குறிச்சால்தான் நீங்கள் ஒண்டைச் செய்வியள்."

இரண்டாவது கடிதம் எழுதினேன். முதல் கடிதத்தில் இருப்பது பொய் என்று முதல் வரியில் எழுதினேன். சனிக்கிழமை மூன்று மணிக்கு வரச் சொன்னேன்.

சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். பேக்கரியில் வேலை, கையில் ஒரு பாண் கொண்டுவந்திருந்தார். நாங்கள் சொல்லாமலே வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். அவருடையது மூன்று வருட ஜேர்மன், என்னுடையது முப்பத்தைந்து வருட ஜேர்மன், இரண்டிலும் பிழை ஒரே அளவுதான். அதனால் ஒருவரை ஒருவர் நன்றாக விளங்கிக்கொண்டோம். நான் எடுத்துச் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஆரம்பித்தேன்.

"படத்தைப் போட முதல் நான் ஒன்று சொல்ல வேண்டும்."

"இல்லை" என்றார். "முதலில் அப்பா."

போட்டேன். தொப்பியைக் கழற்றினார், பொத்தானைப் பூட்டினார், பெயர், ஊர், இலக்கம். பிறகு அந்தப் பேச்சு, அந்தச் சிரிப்பு. கமராவுக்குப் பின்னால் நான் சிரித்ததும் பதிவில் கேட்டது. ஒக்ஸானா இன்னொரு முறை போடச் சொன்னார். மூன்றாவது முறை கேட்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டது என் மனைவி.

"நாளைக்குக் காலையில் பக்கத்து வீட்டுக்காரரின் காரில் புறப்படுகிறேன் என்கிறார். ஒக்ஸானா, எனக்குக் கட்டில் போட்டு வை என்கிறார். மெத்தை மெல்லியதாக இருந்தால் என் முதுகு தாங்காது, பிறகு உன்னைத்தான் திட்டுவேன் என்கிறார்."

குண்டு விழுந்தது அவர் புறப்படுவதாகச் சொன்ன அந்தக் காலைக்கு அடுத்த நாள். நான் மனதுக்குள் நாள்களை எண்ணினேன். அவர் போயிருக்க வேண்டியவர். ஏன் போகவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. விளங்க முதல் என் பாடத்தை ஒப்பித்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டேன். ஊர்ப் பெயரைச் சொல்லச் சொன்னது நான் என்றேன். அதை வெட்டிவிடலாம் என்று ஒரு பிள்ளை கேட்டாள், வேண்டாம் என்றதும் நான் என்றேன். சூரியகாந்தியை எடுத்ததும் நான்.

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அழுவார் என்றும் நினைத்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"ஏன் ஊரைச் சொல்லச் சொன்னீர்கள்?"

அம்மாவின் முதுகைச் சொன்னேன். முகாம் ரிவி, மூன்று செக்கன், ஒன்பது மாதம், எல்லாம் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்படியென்றால் உங்களுக்கு விளங்கும்" என்றார். "அன்றைக்கு நானும் இங்கே ஒரு முகாமில்தான் இருந்தேன். விளையாட்டு மண்டபம், எல்லோருக்கும் ஒரு ரிவி. அப்பாவைக் கண்டதும் கத்தினேன். ஊர்ப் பெயரைச் சொன்னார், பள்ளிக்கூடத்தைச் சொன்னார், வெளியே சூரியகாந்தியைக் காட்டினீர்கள். நான் படித்த பள்ளிக்கூடம் அது. அங்கே நிலவறை எவ்வளவு ஆழம் என்று எனக்குத் தெரியும். அவ்வளவு சந்தோசம் எனக்கு. உடனே அப்பாவுக்குப் போன் எடுத்தேன். காலையில் புறப்படுகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். பாதையில் கார்களைச் சுடுகிறார்கள், போகாதீர்கள் என்றேன். இப்போது உங்களை முழு ஜேர்மனியும் பார்த்துவிட்டது, உலகம் பார்த்த இடத்தில் யாரும் குண்டு போட மாட்டார்கள், அங்கேயே இருங்கள் என்றேன்."

திரையில் நின்றுபோயிருந்த படத்தை மறுபடி பார்த்தார்.

"சரி மகள், நான் உண்மையில் வருவதாக இருக்கவில்லை, உன்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னேன் என்றார் அப்பா. மூன்று வருடம் அதை நம்பிக்கொண்டு இருந்தேன். அவர் எப்படியும் அங்கேதான் இருந்திருப்பார் என்று. ஆனால் உங்கள் செய்தியில் அவர் வாய் திறக்கிறது. வரத்தான் இருந்திருக்கிறார்."

என் மனைவி எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டா. எனக்கு நாக்கில் ஒரு வசனம் வந்து நின்றது. அது உங்கள் பிழை இல்லை என்ற வசனம். மூன்று வருடமாக யாராவது என்னிடம் சொல்ல மாட்டார்களா என்று நான் ஏங்கிய வசனம் அது. அவரும் அதை எதிர்பார்த்துத்தான் இருந்தார் என்று நினைக்கிறேன். அவரிடமும் எனக்கான அதே வசனம் இருந்திருக்கும். நான் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. தேத்தண்ணியைக் குடித்தோம். பாணை வெட்டிச் சாப்பிட்டோம். நல்ல பாண்.

பதிவின் ஒரு பிரதியைக் கொடுத்தேன். வாசலில் சப்பாத்து நூலைக் கட்டிக்கொண்டே, அப்பா ஒரு நாள் வருவார் என்று முகாமில் இருந்தபோதே தடித்த மெத்தையாகத்தான் பார்த்து வாங்கி வைத்திருந்தேன் என்றார். அதன் பிறகு அவர் எழுதவில்லை. நானும் எழுதவில்லை.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது அதிகம் இல்லை. பெயரைக் கேளுங்கள், ஊரைக் கேட்காதீர்கள். உங்கள் பழக்கத்தில் யாராவது சின்னவர் கை வைத்தால், கோபம் வந்த அந்த நிமிடத்தில் முடிவெடுக்காதீர்கள். ஒருவர் வாய் திறந்தால் மூடும்வரை கமராவை நிறுத்தாதீர்கள். இவற்றை நீங்கள் வேறு இடத்திலும் படித்துக்கொள்ளலாம்.

ஆனால் கடைசி வரிசையில் இருந்த அந்தப் பிள்ளைக்கு நான் ஒரு பதில் கடன்பட்டிருக்கிறேன். நிறுவனத்தின் கடிதத்தில் பிழை இல்லை அம்மா. குண்டு போட்டவர்கள் எங்கள் செய்தியைப் பார்த்தார்களா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மகள் பார்த்தாள்.